முன்னால் கட்டிய பணம்

பொங்கல் கழிந்த பத்தாம் நாள் என் மாமா பாங்கிக்கு வந்தார். பரமத்தி வேலூரில் தை மாதம் நகைக்கடன் கவுண்டரில் கூட்டம் இருக்கும். வெற்றிலைக் கொடிக்காலுக்குக் குத்தகை கட்டுகிறவர்கள், வாழைக்கு உரம் வாங்குகிறவர்கள், வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள். மாமா இவர்களில் யாரும் இல்லை. கபிலர்மலைக்கு வடக்கே மானாவாரிக் காடு வைத்திருப்பவர். சோளம், நிலக்கடலை, இரண்டு எருமை. அத்தையின் தோடு ஒரு ஜோடியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். கடன் விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "வெவசாயம்னே போட்டுக்குங்க மாப்ளே" என்றார்.

விவசாயம் இல்லை. இரண்டு நாளுக்கு முன் ராத்திரி, கரட்டில் வலையும் தலைவிளக்குமாக மூன்று பேர் காட்டிலாகாக்காரர்களிடம் மாட்டிக்கொண்டார்கள். கையில் இரண்டு முயல். ஆளுக்கு 25,000 ரூபாய். யார் யாரிடமோ கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு வெளியே வந்தார்கள். அந்தக் கைமாற்றை அடைக்கத்தான் தோடு. மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா சட்டைப் பையிலிருந்து பணம் கட்டிய ரசீதை எடுத்து என் முன்னால் வைத்தார். அவருக்கு என்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருந்தது.

"இதே பணத்த முன்னாடியே கட்டிப்போட்டா வுட்டுருவாங்களா மாப்ளே?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அதெல்லாம் முடியாதுங்க மாமா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கவுண்டரில் சொல்வதற்கு அந்தப் பதில் போதும். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது பதிலே இல்லை என்று தெரிந்தது. இந்தக் கட்டுரை மாமாவின் கேள்வியை அதன் முழு நீளத்துக்கும் கேட்டுப் பார்க்கிற முயற்சி.

*

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். மாமாவின் கேள்வி அத்தனை அசட்டுத்தனமானது இல்லை. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை, வேட்டையை அடியோடு நிறுத்திய சட்டம் என்றே நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் ஒன்பதாம் பிரிவு முதலில் எழுதப்பட்டபோது நான்கு வகை உரிமங்களைச் சொன்னது. சிறப்பு விலங்கு வேட்டை, பெருவிலங்கு வேட்டை, சிறு விலங்கு வேட்டை, உயிரோடு பிடிப்பது. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. உரிமம் வாங்கியவன் எதை எப்போது கொன்றான் என்று பதிவேடு வைக்க வேண்டும் என்றுகூட அடுத்த பிரிவு சொன்னது. முயல் சிறு விலங்கு. 1991-இல் வந்த திருத்தம்தான் இந்த உரிமங்களை எடுத்துவிட்டு, வேட்டை கூடாது என்று ஒரே வாக்கியமாக எழுதியது. ஆக மாமாவுக்கு இருபத்துநான்கு வயதாகும் வரை, முன்னாடியே கட்டிப்போட்டால் விட்டுவிடுவார்கள் என்பது காகிதத்தில் சாத்தியமாகத்தான் இருந்தது. அவர் கேட்டது இறந்துபோன ஒரு சட்டத்தை.

அந்தச் சட்டத்துக்கும் ஒரு மூதாதை உண்டு. 1877-இல் நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பாற்ற ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-இல் அதற்காகச் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே வந்தது. மான் வகைகள், காட்டெருது, வரையாடு, முயல் எல்லாம் அதன் பாதுகாப்பில் வந்தன. வேட்டைக்குப் பருவம், உரிமம், கட்டணம் எல்லாம் வந்தன. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவன் திருடனாகவும், கப்பலில் வந்தவன் உரிமதாரனாகவும் ஆன இடம் இது. இதைச் சொல்லிவிட்டு ஏகாதிபத்தியத்தைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். நமக்குச் சுலபமான வேலை அது. ஆனால் அதே சர்க்கார் அதே காலத்தில் புலியைக் கொன்றால் கட்டணம் கேட்கவில்லை, சன்மானம் கொடுத்தது. மானைச் சுட நீ பணம் கட்டு, புலியைச் சுட நான் பணம் தருகிறேன். துப்பாக்கியும் காடும் ஒன்றுதான். பிறகு 1972-இல் எண்ணிப் பார்த்தபோது நாட்டில் 1,827 புலிகள்தான் தேறின. அடுத்த வருஷமே புலித் திட்டம் வந்தது. சன்மானத்துக்குரிய தலை ஐம்பது வருஷங்களில் விலை சொல்ல முடியாத தலையாகிவிட்டது. புலி அப்போதும் இப்போதும் புலியாகத்தான் இருந்து வருகிறது. விலை மாறியது நம்முடைய கணக்கில். ஒரு விலங்கைக் கொல்ல என்ன கட்டணம் என்பதிலிருந்து அந்த விலங்கின் மதிப்பைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது என்பது இதிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

*

வேட்டை இன்னும் சட்டபூர்வமாக இருக்கிற தேசங்களில் இப்போது பெரிய புகார், வெளியூர்க்காரனுக்கான கட்டணம் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது என்பது. இதன் முக்கியமான வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1978-இல் தீர்ந்தது. மொன்டானா மாநிலத்தில் எல்க் என்ற பெரிய மான் உண்டு. 1976-இல் அந்த மாநிலத்துக்காரன் ஒரு எல்க் வேட்டையாட 9 டாலர் கட்டினால் போதும். வெளிமாநிலத்துக்காரன் எல்க் மட்டும் போதும் என்றாலும் மான், கரடி எல்லாம் சேர்ந்த கூட்டு உரிமத்தை 225 டாலருக்கு வாங்கித்தான் ஆகவேண்டும். இருபத்தைந்து மடங்கு. மின்னசோட்டாவைச் சேர்ந்த வேட்டைக்காரர்களும், அவர்களை அழைத்துப் போய்ப் பிழைக்கிற மொன்டானா வழிகாட்டி ஒருவரும் வழக்குப் போட்டார்கள். ஒரே தேசத்துக் குடிமக்களுக்குள் இப்படிப் பேதம் பார்க்கலாமா என்பது கேள்வி. பார்க்கலாம் என்று ஆறு நீதிபதிகளும், கூடாது என்று மூன்று பேரும் சொன்னார்கள். அந்த 225 இன்று ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது.

பெரும்பான்மைத் தீர்ப்பின் தர்க்கம் கவனிக்கத் தக்கது. வெளியூரிலிருந்து வந்து எல்க் சுடுவது பொழுதுபோக்கு, விளையாட்டு. பிழைப்பு அல்ல. பிழைப்பில் கைவைத்தால்தான் நீதிமன்றம் தலையிட வேண்டும். விளையாட்டுக்கு உள்ளூர்க்காரன் எவ்வளவு விலை வைத்தாலும் அது தேசத்தின் ஒற்றுமையைக் குலைத்துவிடாது. மறு வருஷம், 1979-இல், அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில், காட்டு விலங்குகள் மாநிலத்தின் சொத்து என்ற பழைய கோட்பாட்டையும் கைவிட்டது. காட்டு விலங்குக்குச் சொந்தக்காரன் கிடையாது, காவல்காரன்தான் உண்டு என்று ஆயிற்று. கட்டணம் காவல்கூலி.

பிழைப்பு, விளையாட்டு என்ற இந்த இரண்டு கட்டங்களில் மாமாவை எதில் போடுவது என்று யோசித்தேன். முயல் இல்லாவிட்டால் அவர் பட்டினி கிடக்கப் போவதில்லை. அவருக்கு அது விளையாட்டும் இல்லை. ஏன் போனீங்க மாமா என்று நான் கேட்டதற்கு, "நோம்பிக்கு மொசப் புடிக்கறது மொறதானுங்களே" என்றார். முறை. அப்பன் செய்தான், நான் செய்கிறேன் என்பதற்கு மேல் அதில் விளக்கம் கிடையாது. சட்டத்தில் அதற்குக் கட்டம் இல்லை. என் விண்ணப்பத்திலும் 'நோக்கம்' என்ற இடத்தில் அதை எழுத முடியவில்லை. விவசாயம் என்று பொய் எழுதினேன்.

முறை என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மண்ணின் மைந்தன், வாய்மொழி மரபு என்று புல்லரித்துப்போகிற விமர்சகர்களோடு எனக்குச் சகவாசம் கிடையாது. அப்பன் நாயையும் தடியையும் கொண்டுபோனான். மகன் பாட்டரி விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு போகிறான். வெளிச்சத்தில் கண் கூசி நிற்கிற முயலுக்குத் தப்பிக்க வழியே இல்லை. கரடுகளில் முயல் குறைந்துபோய்விட்டது என்று மாமாவே சொல்கிறார். காட்டிலாகாக்காரர்கள் பிடித்தது நியாயம்தான். நான் கேட்பது வேறு.

*

கட்டண வேட்டைக்கு ஆதரவாக இருக்கிற வாதங்களில் பலமானதை எடுத்துக்கொள்கிறேன். பலவீனமானதைத் தேர்ந்தெடுத்து அடிப்பது நம் இலக்கியச் சண்டைகளில் வழக்கம். இங்கே அது வேண்டாம்.

பாகிஸ்தானின் வட மலைகளில் மார்க்கோர் என்ற காட்டு ஆடு இருக்கிறது. திருகுக் கொம்பு. அழிந்துகொண்டிருந்த இனம். எண்பதுகளில் பலூசிஸ்தானிலும், பிறகு வடக்கே கில்கித், சித்ரால் பகுதிகளிலும் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். வருஷத்துக்கு எண்ணி இத்தனை கிடா என்று மட்டும் அனுமதி. வயதான கிடாவாக இருக்க வேண்டும். அனுமதியை ஏலம் விடுவார்கள். ஏலத் தொகையில் நூற்றுக்கு 80 அந்த மலையூர் மக்களுக்கு, 20 அரசுக்கு. சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் கீழ் 1997-இல் பாகிஸ்தானுக்கு வருஷம் 6 தலை என்று அனுமதி கிடைத்தது. 2002-இல் அது 12 ஆயிற்று. அண்மை ஆண்டுகளில் ஒரே ஓர் அனுமதி 2 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிருக்கிறது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் மருந்தும் வாய்க்காலும் வருகின்றன. முன்பு தாங்களே சுட்டுத் தின்ற ஆட்டை அந்த ஊர்க்காரர்கள் இப்போது இரவு பகலாகக் காவல் காக்கிறார்கள். 2015-இல் மார்க்கோர் அழியும் ஆபத்தில் இருக்கிற இனங்களின் வரிசையிலிருந்து இரண்டு படி மேலே ஏற்றப்பட்டது. கட்டணம் ஏற ஏற ஆடும் பெருகியது.

இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு காவிரிக்கரையில் உட்கார்ந்து, மலையூர்க்காரனைப் பார்த்து 'உன் பள்ளிக்கூடம் ரத்தக்கறை படிந்தது' என்று எழுதுகிற தார்மிகம் எனக்கு இல்லை. என் தூய்மைக்கு நான் எதுவும் செலவழிக்கவில்லை. அதற்கான செலவை அவன் தலையில் வைக்க எனக்கு உரிமையும் இல்லை.

அப்படியானால் எது உறுத்துகிறது? கான்ட் 1785-இல் எழுதிய நூலில், விலை உள்ளவற்றையும் மாண்பு உள்ளவற்றையும் பிரித்துக் காட்டுகிறார். விலை உள்ள ஒன்றின் இடத்தில் அதற்குச் சமமான இன்னொன்றை வைத்துவிடலாம். மாண்பு உள்ளதன் இடத்தில் வைக்க எதுவும் கிடையாது. விலங்குகளுக்கு இந்த மாண்பை அவர் தரவில்லை. நானும் அந்த வாதத்துக்குள் இப்போது போகவில்லை. ஒரு கிழக் கிடா போகிறது, ஒரு பள்ளிக்கூடம் வருகிறது, கணக்கு நேராகிறது. அது நேர்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். கிடாவின் பக்கத்தை விட்டுவிட்டு, பணம் கட்டியவன் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க விரும்புகிறேன்.

இதற்கு என் தொழில் கொஞ்சம் உதவுகிறது. அடகுக்கும் விற்பனைக்கும் உள்ள வித்தியாசம் தினமும் என் கவுண்டரில் தெரியும். அடகு வைத்த தோடு பெட்டகத்துக்குள் போனபிறகும் அத்தையுடையதுதான். மாதா மாதம் அதை நினைத்துக்கொள்வாள். வட்டி கட்ட வரும்போது, பத்திரமாக இருக்குதா என்று கேட்பாள். பணத்துக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு கயிறு அறுபடாமல் இருக்கிறது. விற்றுவிட்டால் அதோடு தீர்ந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்தவனுக்கு அப்புறம் கேள்வி கிடையாது. உரிமக் கட்டணம் விற்பனையைச் சேர்ந்தது. பணம் கட்டியவன் விலங்கை வாங்குவதோடு, கொன்றதற்காக யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கிற வசதியையும் சேர்த்து வாங்குகிறான். தொகை பெரிதாக ஆக, பாக்கி எதுவும் இல்லை என்ற நிச்சயமும் பெரிதாகிறது. 2 லட்சம் டாலர் கட்டியவனிடம் போய், உனக்கு ஏதாவது உறுத்துகிறதா என்று கேட்டால் அவன் ரசீதைக் காட்டுவான். எத்தனை பள்ளிக்கூடம் என்று கணக்கும் காட்டுவான். கணக்கு சரியாகவும் இருக்கும்.

மாமாவும் ரசீதைக் காட்டினார். ஆனால் காட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

இரண்டு புகைப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று, மார்க்கோரின் கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருக்கிற வேட்டைக்காரர், பின்னால் வரிசையாக ஊர்ப் பெரியவர்கள். மற்றது, ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்தது. தரையில் வலை, இரண்டு முயல், பின்னால் வரிசையாக மாமாவும் கூட்டாளிகளும் காட்டிலாகாக்காரர்களும். இரண்டு படத்துக்கும் அமைப்பு ஒன்றுதான். செத்த விலங்கு கீழே, நிற்கிறவர்கள் மேலே. முதல் படத்தில் பணம் கட்டியவர் கேமராவைப் பார்க்கிறார். இரண்டாவது படத்தில் கட்டப் போகிறவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். அங்கே பணம் முன்னால் வந்தது, இங்கே பின்னால். கட்டணம் ஏறுவதைப் போலவே அபராதமும் ஏறுகிறது. 25,000 வரைதான் வாங்கலாம் என்றிருந்த சமரசத் தொகையை 2022-இன் திருத்தம் 5 லட்சம் வரை வாங்கலாம் என்று ஆக்கியிருக்கிறது. முன்னால் கட்டுகிற தொகை ஏறினால் கட்டுகிறவனுக்கு மரியாதை கூடுகிறது. பின்னால் கட்டுகிற தொகை ஏறினால் அவமானம் கூடுகிறது.

*

வேலூரிலிருந்து நாமக்கல் போகிற வழியில், வானம் தெளிந்த நாளில் கொல்லிமலை தெரியும். அந்த மலைக்காரனைப் பற்றி வன்பரணர் பாடியது புறநானூற்றில் 152-ஆவது பாட்டாக இருக்கிறது. ஆடி மாதம் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறார்கள். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்திய வீரத்தைத்தான் மேடையில் சொல்வார்கள். பாட்டின் பின்பாதியைச் சொல்வதில்லை. அதில் அந்த வேடன் யார் என்று பாணர்களுக்கு நிச்சயமில்லை. ஓரியாக இருக்கலாம் என்று ஊகித்து, அவன் எதிரிலேயே ஓரியைப் புகழ்ந்து பாடுகிறார்கள். அவன் நாணுகிறான். நான்தான் அவன் என்று சொல்வதில்லை. வேட்டையில் கொன்ற மானின் கறியைச் சமைத்துத் தருகிறான், கள் தருகிறான், மலையில் விளைந்த பொன்னையும் மணிகளையும் தருகிறான். வாங்கிக்கொள்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள்.

இதைக் கொண்டு சங்ககாலப் பெருமை பேச நான் வரவில்லை. ஓரி அரசன். மலை அவனுடையது. பாணர்களின் பாட்டும் ஒருவகைக் கூலிதான், புகழுக்குப் பரிசில் என்பதும் கொடுக்கல் வாங்கல்தான். மார்க்கோர் வேட்டையிலும் கொம்பும் தோலும் வேட்டைக்காரனுக்குப் போக, கறி பெரும்பாலும் ஊருக்குத்தான் போகிறது. பணமும் போகிறது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கறி, பொன். வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. ஓரி கொன்றபிறகு கொடுக்கிறான். யாரும் அவனைக் கேட்கவில்லை. கொன்றது அவனைக் கடனாளி ஆக்கியதைப்போல நடந்துகொள்கிறான். மற்றவர் கொல்வதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுகிறார். கொன்றபிறகு அவரிடம் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை, படம் எடுத்துக்கொள்வதைத் தவிர.

இந்த இடத்துக்கு வந்தபோது எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. இப்படி வரிசைப்படுத்தினால் உரிமக் கட்டணத்தைவிட மாமாவின் அபராதம்தான் ஓரியின் கொடைக்கு அருகில் வருகிறது. இரண்டும் கொன்றபிறகு வருகிறவை. மாமா கொடுத்தது பிடுங்கப்பட்டது, ஓரி கொடுத்தது தானாக வந்தது என்பது பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் உயிரை எடுத்தவன் அப்புறம் பதில் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் அபராதத்தில் மிச்சம் இருக்கிறது. உரிமத்தில் அது இல்லை.

ஆகவே என் கட்சி இது. மார்க்கோரைக் காப்பாற்றக் கட்டணம் வைக்க வேண்டுமென்றால் வைக்கட்டும். ஏற்ற வேண்டுமென்றால் ஏற்றட்டும். மொன்டானாக்காரன் வெளியூர்க்காரனிடம் கூட வாங்கட்டும். இவையெல்லாம் நிர்வாகம். கட்டணம் உயர்ந்ததால் விலங்குக்கு மதிப்பு உயர்ந்துவிட்டது என்று சொல்லும்போதும், கட்டியவனுக்குப் பாக்கி எதுவும் இல்லை என்று சொல்லும்போதும் மட்டும் நான் ஒப்ப மாட்டேன். நிர்வாகத்தைத் தர்மமாக்கிவிடுகிற இந்தப் பழக்கம் வேட்டையோடு நிற்பதும் இல்லை. மரத்தை வெட்டிவிட்டு எங்கோ ஒரு மரத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடித்தால் இவ்வளவு நேரம் பேசியது ஏமாற்று. மாமா பிடிபட்டதற்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குப்போசி வந்தது. வருஷா வருஷம் வருவதுதான். என்ன கறி என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், சாப்பிட்டேன். முன்னாலும் கட்டவில்லை, பின்னாலும் கட்டவில்லை. ரேஞ்ச் ஆபீசில், இதுக்கு முன்னாடி பிடிச்சதை யார் யாருக்குக் கொடுத்தாய் என்று மாமாவைக் கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

மாசி மாதம் அத்தை தோட்டுக்கு வட்டி கட்ட வந்தபோது மாமாவும் கூட வந்தார். பாதியை நான் கட்டிவிடுகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லையே மாமா என்றேன். எதைக் கேட்டேன் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"அத வுடுங்க மாப்ளே. அன்னைக்குக் கறி நல்லாருந்துச்சுங்களா?"

நல்லாருந்துச்சுங்க மாமா என்றேன்.